காட்டு விடுதியின் கடைசி முப்பது அடி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், சத்தியமங்கலத்துக்கு மேலே, திம்பம் மலைப்பாதை ஏறி முடியும் மேட்டுநிலத்தில் இருக்கும் ஓர் இயற்கைத் தங்கும் விடுதிக்கு அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். லேசான பக்கவாதம் வந்து மீண்டவர் அவர்; இடப்பக்கம் பலம் குறைவு, ஊன்றுகோல் பிடித்து நடப்பார். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சன்னலோரம் அமர்ந்து வேடிக்கை பார்த்தபடியே கடந்துவந்தவர், மாலையில் சுக்குக் காப்பி வந்தபோது வேண்டாம் என்று கையசைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது தண்ணீர்க் குவளையைத் தொடவே இல்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். விளக்குகளை அணைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. எங்கள் அறைக்கும் கழிப்பறைக்கும் இடையே முப்பது அடி தூரம் இருந்தது. மூன்று படி இறங்கி, கூழாங்கல் பரப்பிய பாதையில் நடந்து, முழங்கால் பாதி உயரத்துக்கு இருந்த ஒரு வாசற்படியைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எங்கும் கைப்பிடி இல்லை. வந்து இறங்கியதுமே அம்மா அந்த முப்பது அடியைக் கண்ணால் அளந்து, இரவில் எழ வேண்டிய தேவையே வராதபடி தாகத்தை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தொலைதூர இயற்கை விடுதிகளில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதி உண்டா என்று கேட்கும்போது, பெரும்பாலும் சாலையைப் பற்றியும் மலையைப் பற்றியுமே பேசுகிறோம். என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்கான விடை கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடைப்பட்ட சில அடிகளில்தான் இருக்கிறது. வந்தவர் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்த்தால் போதும், அந்த விடுதியின் வசதி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். மருத்துவ ரீதியாகவும் இது சின்ன விஷயம் இல்லை. கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் நீரிழப்பால் வரும் தலைச்சுற்றலும் எளிதில் வந்துவிடும், தலைச்சுற்றலோடு படியில் இறங்கினால் அடுத்தது என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொங்கு நாட்டைச் சுற்றி இப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் ஆழியாறிலும் யோக, தியான மையங்கள். ஆனைமலையில் டாப்சிலிப்பின் வனத்துறை விடுதிகள். பில்லூர் அணைக்கட்டின் நீர்ப்பரப்பையொட்டிப் பழங்குடி மக்களைக் கொண்டு வனத்துறை நடத்தும் பரளிக்காடு சூழல் சுற்றுலா. வடக்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகப் பகுதியில் இருக்கும் ஆசனூர், தலமலை. கிழக்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போகும் கொல்லிமலை. இவற்றுக்குப் போகிறவர்கள் தோளில் பை மாட்டிய இளைஞர்கள் மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். அறுபது வயதைக் கடந்தவர்கள் அப்போதே பத்தில் ஒருவர். அமைதி தேடி மலைக்கு வருகிறவர்களில் முழங்கால் தேய்ந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள்தாம் ஒருவேளை அந்த அமைதி மிகவும் தேவைப்படுகிறவர்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அதையும் பொதுக் கட்டடம் என்றே கொள்கிறது. அணுகல் வசதிக்கான விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குக் கட்டுமான முடிவுச் சான்றிதழ் தரக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பலவும் கட்டாயமாக அல்லாமல் வழிகாட்டுதல்களாகவே எழுதப்பட்டிருந்தன என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாய விதிகளாக வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. காட்டோர விடுதி நடத்துகிறவர்கள் இதையெல்லாம் நட்சத்திர ஓட்டல்களுக்கான சங்கதி என்று எண்ணிவிடுகிறார்கள். பட்டா நிலத்தில் ஆறு குடில் போட்டு வாடகைக்கு விட்டாலும் அது பொதுமக்கள் வந்துபோகும் இடம்தான்.

"மலையில என்னங்க பண்ண முடியும், ஏத்த இறக்கமாத்தான இருக்கும்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. சரிவு மலையினுடையது; படி நாம் கட்டியது. சரிவில் ஒரு குடிலை அமைக்கும்போது, மேட்டுப் பக்கத்துத் தரைமட்டத்தோடு தளத்தைப் பொருத்தினால் அந்தப் பக்கத்து வாசலுக்குப் படியே தேவைப்படாது. காட்சி நன்றாக இருக்கும் என்று பள்ளத்துப் பக்கம் வாசலை வைத்துவிட்டு, அதற்கு ஏழு படி கட்டுகிறோம். மனை பார்த்து மூலை மட்டம் பிடிக்கும் அன்றைக்கே இதைப் பற்றி மேஸ்திரியிடம் ஒரு பேச்சுப் பேசியிருந்தால், பைசாச் செலவில்லாமல் தீர்ந்திருக்கும்.

ஏற்கெனவே கட்டிய படிக்குச் சாய்தளம் அமைப்பதில் கணக்கு எளிது. அந்த எளிய கணக்கைத்தான் பெரும்பாலோர் போடுவதில்லை. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் விடுதியின் மூன்று படிகளும் தலா ஆறு அங்குலம் என்றால் மொத்த உயரம் ஒன்றரை அடி. அதற்கு 18 அடி நீளச் சாய்தளம் தேவை. பல இடங்களில் நான் பார்ப்பது, படியின் மேலேயே ஐந்தாறு அடிக்குச் சிமெண்டைக் கொட்டிச் செங்குத்தாக இழுத்துவிட்ட ஒரு சறுக்கல். ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்த அது உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படியைவிட ஆபத்தானது. ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறங்கும்போது கட்டுப்பாட்டை மீறி ஓடும். அகலம் நான்கடி, இருபுறமும் கைப்பிடி, ஏறி முடியும் இடத்தில் நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் ஆகியவையும் சேர்ந்தால்தான் அது சாய்தளம். மேற்பரப்பை மழமழவென்று பூசக் கூடாது. ஈரச் சிமெண்டின் மேல் துடைப்பத்தைக் குறுக்காக இழுத்து வரி போட்டுவிட்டால் மழை நாளிலும் பிடிப்பு இருக்கும்.

பாதைக்கும் இதே கவனம் வேண்டும். கூழாங்கல் பரப்பிய பாதை படத்தில் அழகாக இருக்கும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் அதில் புதையும், ஊன்றுகோலின் நுனி நழுவும், கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு எங்கே மிதிக்கிறோம் என்பதே தெரியாது. நம் ஊருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. கொங்கு நாடு கருங்கல் பூமி. தோட்டத்து வேலிக்கே கல்லை நட்டுவைக்கிற ஊர் இது. அம்மி கொத்துவதுபோல மேற்பரப்பைக் கொத்திய கல் பலகைகளை இடைவெளி விடாமல் பதித்தால், வழுக்காத, பல தலைமுறைக்கு உழைக்கிற, மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போகிற பாதை கிடைக்கும். அது கட்டுப்படியாகாத இடத்தில், செம்மண் கிராவலைத் தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்து வடிகால் விட்டாலே கோடையும் தாங்கும், ஐப்பசி அடைமழையும் ஓரளவு தாங்கும்.

வாசற்படி கொஞ்சம் சிக்கலானது. நிலைவாசல் படியை மிதிக்காமல் தாண்டிப்போகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மஞ்சள் பூசிக் கும்பிடும் படியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் விடுதிக்காரருக்கு மனசு வராது. அதற்கு ஒரு பயனும் இருக்கிறது: மழைத்தண்ணீரையும் தேளையும் பாம்பையும் அந்தப் படி தடுக்கிறது, காட்டோரத்தில் அது முக்கியம். எனவே, குடிலின் தலைவாசலில் வேண்டுமானால் சம்பிரதாயப் படியை வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் மரத்தில் சிறு சரிவுப் பலகை பொருத்தலாம். கழிப்பறை வாசலில் படியை அறவே எடுத்துவிட்டு, கதவின் அடியில் தரையைத் தொடும் ரப்பர் பட்டையோ தூரிகைப் பட்டையோ பொருத்தினால் பூச்சிக்கும் தடை, காலுக்கும் தடையில்லை. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க படியின் உயரத்தைக் காட்டிலும் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும்படியான தரைச் சரிவுதான் முக்கியம் என்பது எந்த நல்ல கொத்தனாருக்கும் தெரியும்.

கழிப்பறைதான் எல்லாவற்றிலும் மையம், ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் குளியலறைக் கதவு வழக்கமாக இரண்டரை அடி. நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக 26 அங்குலம் மிஞ்சினால் அதிகம். சாதாரணச் சக்கர நாற்காலியே 25 அங்குலத்துக்குக் குறையாது. சக்கரத்தைத் தள்ளுகிற கையின் முட்டிக்கு இடமே இல்லை. கதவைத் திறந்தால் மூன்றடி வழி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இடத்தில் கதவை உடைப்பதற்கு ஐந்து நிமிடம் போவது பெரிய இழப்பு. மேற்கத்தியக் கழிப்பறையின் இருக்கை ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியும். பக்கத்தில் சுவரில் பதித்த கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியை நம்பி எழுந்து, அது பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்தவர்கள் பலர். ஓலைக் குடில், மூங்கில் தட்டி, மண்சுவர் என்று கட்டும்போது, கைப்பிடி வரப்போகும் இடத்தில் மட்டுமாவது சுவருக்குள் கனமான மரச்சட்டத்தை முன்கூட்டியே பதித்துவிட வேண்டும். பிற்பாடு மண்சுவரில் ஆணி நிற்காது.

வெளிச்சத்தில் காட்டுக்கும் மனிதருக்கும் முரண்பாடு இருப்பதாகத் தோன்றும். இரவில் பளீரென்று விளக்கெரிப்பது விலங்குகளுக்குத் தொல்லை என்பது உண்மை. அந்த விடுதியில் விளக்கை அணைத்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் கால் வைக்கும் இடம் தெரிய உயரமான விளக்கு தேவையில்லை. கணுக்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கிற, மஞ்சள் கலந்த மங்கலான விளக்குகள், ஆள் நடமாடும்போது மட்டும் எரிந்து அணைகிற சென்சாருடன் இருந்தால் யானைக்கும் தொந்தரவில்லை, அம்மாவுக்கும் வழி தெரியும். அறையோடு இணைந்த கழிப்பறை இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. யானையும் சிறுத்தையும் நடமாடும் பகுதியில் இரவில் யாரையும் வெளியே நடக்கவைக்காமல் இருப்பது எல்லோருக்குமே நல்லது.

பலரும் யோசிக்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் எச்சரிக்கைகள் எல்லாம் சத்தமாகவே வருகின்றன. யானை வந்தால் விசில் அடிப்பார்கள், தகரம் தட்டுவார்கள், "உள்ளயே இருங்க" என்று கூவுவார்கள். காது கேளாத விருந்தினருக்கு இவற்றில் ஒன்றும் போய்ச் சேராது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தியும் உதவாது. அவருடைய அறைக்குள் எரிந்து அணையும் விளக்கு ஒன்றும், காவலர் இருக்கும் இடத்தில் அதற்கான சுவிட்சும் இருந்தால் போதும். சாதாரண எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் செய்து கொடுப்பார். அதேபோல, தொட்டால் மின்னதிர்ச்சி தரும் சோலார் வேலி சுற்றிலும் எங்கே ஓடுகிறது என்பதைப் பார்வையற்றவரை முதல் நாளே கையைப் பிடித்து அழைத்துச் சென்று விளக்க வேண்டும்; பேஸ்மேக்கர் வைத்திருப்பவரிடம் அதை நெருங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆபத்தைச் சொல்வதோடு இது நின்றுவிடக் கூடாது. பார்வையற்றவருக்குக் காடு காதால் திறப்பது. ஆனைமலைப் பக்கம் ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவி விடியலில் சீட்டியடிப்பதைக் கேட்க அவருக்குக் கண் வேண்டியதில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை மரத்துக்கு மரம் கட்டி, இருநூறு அடிக்கு ஒரு நடைவழி அமைத்தால், யார் கையையும் பிடிக்காமல் தனியாகப் போய் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வரலாம். தனியாகப் போவதில் இருக்கும் மகிழ்ச்சி நமக்குப் பழகிவிட்டதால் அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை.

மின்சாரத்தைப் பற்றி விடுதிகள் "சோலார் இருக்குதுங்க, கவலையில்லீங்க" என்று சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1,800 வாட்-மணி சக்தி இருக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோர் பயன்படுத்தும் சிபாப் கருவி சுமார் 50 வாட் இழுக்கும் என்றால், இரவு முழுக்கத் தாராளமாக ஓடும். ஆக்சிஜன் செறிவூட்டி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பும் சேர்ந்தால் அதே பேட்டரி நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஆகவே முதலாமவரைத் தைரியமாக வரச் சொல்லலாம், இரண்டாமவரிடம் ஜெனரேட்டர் ஏற்பாடு இருந்தால் மட்டுமே வரச் சொல்ல வேண்டும். இன்சுலினுக்கு எப்போதும் குளிர்பெட்டி தேவைப்படாது. திறந்து பயன்படுத்தத் தொடங்கிய குப்பி 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம்வரை தாங்கும், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்தாலே மேட்டுநிலத்தில் போதும். ஆனால் திறக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். இன்சுலின் போட்டவருக்குச் சாப்பாடு சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்பதையும் சமையல்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். கூட்டு தியானம் முடியட்டும் என்று பந்தியை முக்கால் மணி நேரம் தள்ளிவைப்பது அவருக்கு மயக்கத்தைக் கொண்டுவரும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இதில் விடுதி செய்யக்கூடியது உண்மையைச் சொல்வது மட்டுமே. அரசுப் பேருந்தின் படி உயரம், மலைப் பேருந்தில் இன்னும் உயரம். திம்பம் பாதையில் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தாமதமாகக் கிளம்பினால் மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணாரியிலேயே நிற்க நேரும். பண்ணாரிக்கு மேலே காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, ஆகவே அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர் பண்ணாரி அம்மன் கோயிலருகிலேயே அதை முடித்துக்கொண்டு ஏற வேண்டும். பங்குனியில் குண்டம் திருவிழா நாட்களில் அங்கே அதுவும் எளிதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையைச் சொல்வது என்றேன். எங்கள் பயணத்துக்கு முன் நான் தொலைபேசியில் கேட்காமல் இல்லை. படி உண்டா என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க, ரெண்டு மூணு படிதானுங்க. முடியலீன்னா பசங்க இருக்கறாங்க, அலாக்காத் தூக்கிட்டு வந்தர்லாமுங்க" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் இருந்த கனிவை நான் இன்றும் மறுக்கவில்லை. வந்தவரைத் தாங்குவது நம் மண்ணின் குணம். ஆனால் எழுபது வயதுப் பெண்மணியை முன்பின் தெரியாத இளைஞர்கள் ஒரு நாளைக்கு ஆறுமுறை கழிப்பறை வாசல்வரை தூக்கிச் செல்வது அவருக்கு எப்படி இருக்கும் என்பதை அந்தக் கனிவு யோசிக்கவில்லை. அவர் செய்யக்கூடியதெல்லாம் அந்த ஆறுமுறையை ஒருமுறையாகக் குறைத்துக்கொள்வதுதான். அதற்கு அவர் அறிந்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. தூக்குவதற்கு ஆள் இருப்பதை வசதி என்று சொல்லக் கூடாது. விடுதிக்காரர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றிவந்தால் போதும்: எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், கட்டில் எவ்வளவு உயரம், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் எத்தனை அடி, பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையம் எங்கே, 108 ஆம்புலன்ஸ் வந்துசேர வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும். இவற்றை அளவுகோல் தெரிகிற புகைப்படங்களுடன் கேட்கிறவருக்கு அனுப்பிவைத்தால், வரலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். "எங்களிடம் வசதி இல்லை" என்று நேர்மையாகச் சொல்கிற விடுதியை நான் மதிக்கிறேன்.

இருக்கிற பணத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், எல்லாக் குடிலையும் ஒரே நேரத்தில் மாற்ற முயல வேண்டாம் என்பேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகில், வண்டி வந்து நிற்கும் இடத்துக்கும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் அறையை எடுத்து, அதன் கழிப்பறையை முதலில் முழுமையாகச் சரிசெய்து, பிறகு அங்கிருந்து கூடம்வரை பாதை போட்டு, அதற்குப் பிறகே நடைவழி, காட்சி மேடை என்று போகலாம். காட்சி மேடைக்குச் சாய்தளம் கட்டிவிட்டுக் கழிப்பறையைக் கவனிக்காமல் விட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

பணியாளர்களுக்குப் பயிற்சி என்று சொன்னால் பெரிய ஏற்பாடாகத் தோன்றும். அந்த விடுதியில் இரண்டாம் நாள் காலை, அறை கூட்ட வந்த நடுவயதுப் பெண் அம்மாவின் காப்பிக் குவளை நிறைய இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டு, சற்று நேரத்தில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே, சாக்கில் கொண்டுவந்த செங்கற்களை வாசற்படிக்கு இருபுறமும் அடுக்கி, உயரத்தைப் பாதியாகக் குறைத்தார். மிதித்துப் பார்த்தார், ஆடியது. மண் போட்டு இறுக்கினார். குளியலறைக்குள் நாற்காலியைப் போடும்முன் திரும்பி, "ஏனுங்கம்மா, உங்களுக்கு எந்தக் கைங்க பலமா இருக்குது?" என்று கேட்டார். அம்மா வலக்கையை உயர்த்திக் காட்டினார். "அப்ப இந்தப் பக்கமே போட்டர்றனுங்க" என்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, அம்மா எழும்போது வலக்கைக்குப் பிடி கிடைக்கிற பக்கமாகத் திருப்பிவைத்தார். பதினொரு மணிக்கு அம்மா மோர் கேட்டார்.